அழுகைக்குக் கொஞ்சம் முன்னால்

வளையலை எப்போது கையில் போட்டீர்கள் என்று அதைச் செய்துகொடுத்த ஆய்வகத்து ஜெரோம் கேட்டதும் செண்பகம் உண்மையைச் சொல்லிவிட்டாள். பொய் சொல்லியிருந்தால் அவனுக்கு அன்றைய மதியச் சாப்பாடாவது நிம்மதியாக இறங்கியிருக்கும்.

"வளைகாப்பு அன்னைக்கா?" என்று அவன் மறுபடியும் கேட்டான்.

கேட்டான் என்றால் வாயால் இல்லை. செண்பகத்துக்கும் அவள் புருஷன் கனகராஜுக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. ஜெரோமுக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் அவனுடைய அப்பா, அம்மா இருவரும் கேளாதவர்கள். அதனால் சைகை மொழி அவனுக்கு நன்றாக வரும். மூன்று பேரும் கையால்தான் பேசிக்கொண்டார்கள். கைப்பேச்சை அப்படியே காகிதத்தில் இறக்கும் வித்தை எனக்குத் தெரியாது என்பதால் வாய்ப்பேச்சாகவே எழுதிவிடுகிறேன். கைகள் பறந்த வேகத்தை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"ஆமா தம்பி, வளைகாப்பு அன்னைக்குத்தான்."

"பாப்பா பிறந்து வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் போடுங்கன்னு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. நான் பெட்டியில பத்திரமாத்தான் வச்சிருந்தேன். அக்கா திறந்து பாத்தா. உள்ள வளையல் இருந்துச்சு. வளைகாப்பு வீட்ல வளையலைப் பாத்தா என்ன பண்ணுவாங்க? எடுத்துப் போட்டுட்டா."

"உடனே கழட்டியிருக்கலாமே?"

கனகராஜ் குறுக்கே புகுந்தான். "வளைகாப்புல போட்டதைப் பிரசவத்துக்கு முன்னாடி கழட்டுறதா? எங்க அண்ணிகிட்ட நீங்களே போய்ச் சொல்லிப் பாருங்க."

அண்ணி, அதாவது செண்பகத்தின் அக்கா, அங்கேதான் இருந்தாள். பெயர் சண்முகத்தாய், கோவில்பட்டிக்காரி. ஆய்வகத்தின் கதவோரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, மடியில் பச்சைக் குழந்தையுடன், சுற்றியிருந்த கருவிகளையெல்லாம் திருடர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சைகை மொழி அவளுக்குப் புரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தங்கையும் அவளுமாக வீட்டில் உண்டாக்கிக்கொண்ட கைச்சாடை மட்டும்தான். சோறு, பால், கடைக்குப் போ, உதை விழும் என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. விஞ்ஞானத்துக்கு மட்டும் இல்லை. அந்த ஒரு காரணத்தால்தான் அவளை வைத்துக்கொண்டே இவ்வளவும் பேச முடிந்தது.

ஜெரோம் வளையலை விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தான். செம்பு நிறத்தில் சாதாரண வளையல். குழந்தை அழுதால் மணிக்கட்டில் துடித்துத் தாய்க்குச் சொல்வதற்காகச் செய்தது. உட்பக்கம் அரிசி அளவில் ஒரு சிப், அதைச் சுற்றி மெல்லிய தகடு. கொடுத்த அன்றைக்கே அவன் விளக்கமாகச் சொல்லியிருந்தான். சாதாரண கம்ப்யூட்டரில் ஞாபகம் ஓரிடத்திலும் யோசனை இன்னோரிடத்திலும் இருக்கும்; இரண்டுக்கும் நடுவே ஓடியே கரண்டைத் தின்றுவிடும். மூளை அப்படியில்லை, யோசிக்கிற இடத்திலேயே ஞாபகத்தையும் வைத்துக்கொள்கிறது, அதனால்தான் நாலு இட்லியில் நாள் பூராவும் ஓடுகிறது. இந்த சிப்பும் அந்த ஜாதி. கைச்சூடே இதற்குச் சாப்பாடு.

"இப்ப என்ன ஆயிடுச்சு தம்பி? வேலை செய்யாதா?"

"எப்படிச் சொல்றது அக்கா... வெறும் வயல்ல ஆள் நடந்தா ஒத்தையடிப் பாதை விழுதுல்ல? ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தா இதுக்குள்ளயும் அப்படித்தான் தடம் விழும். கைச்சூடு பட்டதுமே கத்துக்க ஆரம்பிச்சுடும். முதல் தடம் பாப்பாவோட அழுகையா இருக்கணும்னு கணக்குப் போட்டு வச்சிருந்தோம். நீங்க மாசக்கணக்கா கண்ணாடி வளையல் சத்தத்தையும் குக்கர் விசிலையும் விட்டு வயல் முழுக்க மிதிச்சுட்டீங்க."

"அழிச்சிட்டு மறுபடி ஆரம்பிங்க."

"அதுதான் முடியாது. இது உள்ள எழுதிவச்ச கணக்கு இல்ல, அழிக்கிறதுக்கு. அந்தப் பொருளே மாறிடுது. இன்னொண்ணு செஞ்சு வர்றதுக்குள்ள உங்க பாப்பா ஓடியாட ஆரம்பிச்சுடும்."

செண்பகம் திரும்பிக் குழந்தையைப் பார்த்தாள். பெயர் ஆதிரை. பேர் வைத்ததோடு சரி, வீட்டில் அவளைக் குறிக்கத் தாடைக் குழியை ஒரு விரலால் தொடுவார்கள். பெரியம்மாவின் மடியில் அந்தத் தாடைக் குழி தூங்கிக்கொண்டிருந்தது.

இந்த வளையலை நம்பித்தான் சண்முகத்தாய் பிள்ளையைக் கோயம்புத்தூருக்கு அனுப்பவே சம்மதித்திருந்தாள். "ரெண்டு பேருக்கும் காது கேக்காது. ராத்திரி பிள்ளை அழுதா யாருட்டி எந்திரிப்பா? பேச்சு வர்ற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். அதுக்கப்புறம் கூட்டிட்டுப் போங்க" என்று பிரசவ அறை வாசலிலேயே சொல்லிவிட்டாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மா இறந்தபோது செண்பகம் சின்னப் பிள்ளை. அன்றிலிருந்து அவளுக்குக் காதாக இருந்து வளர்த்தவள் அக்காதான். பள்ளிக்கூடத்தில், கடையில், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் என்று எல்லா இடத்திலும் அவள்தான் கேட்டாள், அவள்தான் பதில் சொன்னாள். ஆனால் பேச்சு வரும் வரைக்கும் என்றால் இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ. அதற்குள் அந்தக் குழந்தை யாரை அம்மா என்று கூப்பிடும் என்பதை நினைத்தாலே செண்பகத்துக்குப் பால் கட்டிக்கொள்ளும்போல் இருந்தது.

சத்தம் வந்தால் விளக்கு எரியும் கருவிகள் கடையில் கிடைக்காமல் இல்லை. கனகராஜ் ஒன்று வாங்கியும் வந்தான். அவர்கள் குடியிருந்த உப்பிலிபாளையம் வீடு மெயின் ரோட்டை ஒட்டியது. பஸ்ஸுக்கும் எரிந்தது, கோவில் ஒலிபெருக்கிக்கும் எரிந்தது, மாடிவீட்டு மிக்ஸிக்கும் எரிந்தது. ஒரே நாளில் தீபாவளி கொண்டாடி முடித்து அதைப் பரணில் போட்டார்கள்.

சண்முகத்தாய் நாற்காலியிலிருந்து ஜெரோமைக் கூப்பிட்டாள். அக்காவின் உதட்டைப் படிப்பது செண்பகத்துக்குப் புத்தகம் படிப்பதைவிடச் சுலபம்.

"என்ன தம்பி, ரொம்ப நேரமா கையை ஆட்டிட்டே இருக்கீக? வளையல் வேலை செய்யும்லா?"

ஜெரோம் செண்பகத்தைப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவன் அக்கா பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். என்ன சொன்னான் என்பதையும் உடனே கையால் சொல்லிவிட்டான்: "ஜம்முனு வேலை செய்யும்னு புளுகியிருக்கேன். அப்புறம் கடவுள் விட்ட வழி."

உப்பிலிபாளையம் வீட்டுக்குச் சண்முகத்தாயும் கூடவே கிளம்பிவிட்டாள். ஒரு மாதம் தங்கிப் பார்ப்பாளாம். ஒரே ஒரு தடவை பிள்ளை அழுது இவர்களுக்குத் தெரியாமல் போனாலும், அடுத்த பஸ்ஸில் பிள்ளையோடு கோவில்பட்டிக்குப் போய்விடுவாளாம். தொட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகை கேட்டாலும் அவள் எழுந்திருக்க மாட்டாள். தங்கை வருகிறாளா என்று பார்ப்பாள். பரீட்சை ஹாலில் நிற்கும் வாத்தியார் தோற்றார்.

முதல் நாள் செண்பகம் அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேக்கரியில் கேக் அலங்காரம் செய்கிற கை. லீவில் இருந்தாலும் பீன்ஸை ஒரே அளவில்தான் நறுக்கும். திடீரென்று மணிக்கட்டில் வளையல் படபடவென்று துடித்தது. குக்கருக்குப் பழகிய வளையல், எந்த வீட்டுக் குக்கரோ என்று அலுத்துக்கொண்டாள். ஆனாலும் சும்மா இருக்க மனம் கேட்காமல் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டிலுக்குப் போனாள்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்து, "எதுக்குட்டி வந்த? நல்லா உறங்கிட்டுல்லா இருக்கா" என்றாள். செண்பகம் அசடு வழிய நின்றாள். திரும்பலாம் என்று காலை எடுத்தபோது ஆதிரை மூக்கைச் சுருக்கினாள். கீழுதடு மெல்லப் பிதுங்கியது. வாய் திறப்பதற்குள் செண்பகம் அவளைத் தூக்கி மாரோடு சேர்த்துக்கொண்டாள். குழந்தை ரொம்ப நாள் பட்டினி கிடந்ததுபோல் பாலை இழுத்தது.

தற்செயல் என்றுதான் நினைத்தாள். சாயங்காலம் மறுபடியும் துடித்தது, இந்தத் தடவை ஒரு பக்கம் மட்டும் இழுப்பதுபோல். போய்ப் பார்த்தால் துணி அப்போதுதான் ஈரமாகத் தொடங்கியிருந்தது. இன்னொரு விதமும் இருந்தது. நீளமாக, மெதுவாக, யாரோ மணிக்கட்டைப் பிடித்து நீவிவிடுவதுபோல். அதற்குப் போய்ப் பார்த்தால் பசியும் இருக்காது, ஈரமும் இருக்காது. தூக்கித் தோளில் போட்டால் போதும், குழந்தை முகத்தைக் கழுத்தில் புதைத்துக்கொள்ளும். ஒரு வாரத்துக்குள் இந்தப் பாஷை முழுவதும் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. ராத்திரியிலும் அதே கதை. வளையல் எழுப்பும், அவள் எழுவாள், குழந்தை உதட்டைப் பிதுக்கும் நேரத்துக்கு அம்மாவின் கை அங்கே இருக்கும்.

கனகராஜ் அவளிடம் கேட்டான். "கெட்டுப்போனதுன்னு சொன்னாங்களே, இது என்ன இப்படி ஓடுது?"

"கேக்காதீங்க. கேட்டா நின்னுடப் போகுது" என்றாள் செண்பகம்.

இதற்கு நடுவில் பரிதாபத்துக்குரிய ஆள் ஒருத்தர் உண்டு என்றால் அது சண்முகத்தாய்தான். பாயில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. அழுகை வந்தால்தானே பரீட்சை நடக்கும்? வரவே இல்லை. முதலில் நம் பார்வை படாமல் நல்லபடி இருக்கட்டும் என்று திருஷ்டி கழித்தாள். அப்புறம் சந்தேகம் வந்தது. கடைசியில் பயமே வந்துவிட்டது. ஒருநாள் காலை, காப்பியைக்கூடக் குடிக்காமல் செண்பகத்தின் முன்னால் வந்து நின்றாள். வாயும் அசைந்தது, கையும் ஆடியது.

"ஏட்டி, பிள்ளைக்குத் தொண்டையில ஏதோ கோளாறு இருக்கு. நான் வந்ததுல இருந்து ஒரு தடவைகூட அழல. ஊர்ல இருந்தப்ப அழுதாளே! எனக்கு ஒறக்கமே வரமாட்டேங்கு. இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டணும்."

எப்படியும் தடுப்பூசி போட வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. மூன்று பேரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் குழந்தைகள் கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டரம்மா முகக்கவசம் போட்டிருந்ததால் அவர் சொன்னது செண்பகத்துக்குத் தெரியவில்லை. அக்கா பின்னால் சொல்லித்தான் தெரியும். "அழுதுகிட்டே இருக்குன்னு தூக்கிட்டு வர்றவங்களைத்தான் இத்தனை வருஷமா பாத்திருக்கேன். அழலைன்னு வந்த முதல் ஆள் நீங்கதான்" என்றாராம். காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு நர்ஸ் ஊசியோடு வந்தாள்.

ஊசி வரப்போவது வளையலுக்கு எப்படித் தெரியும்? தொடையில் குத்திய அதே நொடியில்தான் அது செண்பகத்தின் கையில் மூர்க்கமாகத் துடித்தது. ஆதிரையின் வாய் வட்டமாகத் திறந்தது. முகம் குங்குமமாகச் சிவந்தது. கை கால்கள் நாலாபக்கமும் உதறின. அது எப்பேர்ப்பட்ட அழுகை என்பதை செண்பகம் அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். சண்முகத்தாய் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிவிட்டாள்.

"அழுதுட்டா! எங்க ஊரு செண்பகவல்லித் தாயே, அழுதுட்டா! ஏட்டி, என்னமா அழுதா தெரியுமா, பஸ் ஹாரன் மாதிரி!"

வரிசையில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் எல்லாரும், அழுகிற குழந்தையைப் பார்த்துக் குதிக்கும் இந்தப் பெண்ணை அதிசயமாகப் பார்த்தார்கள். அவள் நர்ஸின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். கனகராஜுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செண்பகமும் சிரித்தாள். குழந்தை மட்டும் இந்தக் குடும்பத்தின்மேல் நம்பிக்கை இழந்த மாதிரி விக்கி விக்கி அழுதது.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் சண்முகத்தாயின் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. "தொண்டை நல்லாத்தான் இருக்கு. அப்ப வீட்ல ஏன் அழ மாட்டேங்கா? நீ முன்னாடியே வந்து வந்து தூக்கிருதியே, அதனாலயா? உனக்கு எப்படிட்டி முன்னாடியே தெரியுது?"

இனி மறைப்பதில் அர்த்தமில்லை. செண்பகம் எல்லாவற்றையும் சொன்னாள். வளைகாப்பில் போட்டதால் வளையல் கெட்டுப்போனது என்று ஜெரோம் சொன்னதை, அக்காவுக்குத் தெரிந்தால் பிள்ளையைத் தூக்கிப் போய்விடுவாள் என்று பயந்து மூன்று பேரும் பொய் சொன்னதை, கெட்டுப்போன வளையல் இப்படி நடந்துகொள்வதை. சண்முகத்தாய் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் பாயில் பொத்தென்று உட்கார்ந்து, "நான் போட்டதுனாலயா கெட்டுச்சு?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "அந்தத் தம்பிய வரச் சொல்லு" என்றாள்.

ஜெரோம் லேப்டாப்போடு வந்தான். ஒரு பகல் முழுவதும் அவன் தொட்டிலையும் வளையலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். வளையல் துடிக்கும். அவன் குழந்தையைப் பார்ப்பான். குழந்தை சாதுவாகக் கிடக்கும். கொஞ்சம் கழித்து உதடு பிதுங்கும். ஒவ்வொரு தடவையும் அவன் கண் விரிந்துகொண்டே போனது. கடைசியில் எழுந்து நின்று அவன் கையை வீசிய வேகத்தில் பக்கத்திலிருந்த டம்ளர் உருண்டது.

"அக்கா, நீங்க ராத்திரியில எப்படிப் படுப்பீங்க, மாசமா இருந்தப்போ?"

"ஒருக்களிச்சு. கையை வயித்து மேல வச்சுக்கிட்டு."

"பகல்ல உக்காந்திருக்கும்போது?"

"அப்பவும் கை வயித்து மேலதான் இருக்கும். எல்லாரும் அப்படித்தானே?"

"அதான்! குக்கர் விசில்தான் கத்துக்கிட்டு இருக்கும்னு நான் நினைச்சேன். குக்கர் எப்பவோ ஒரு தடவை. இது ராப்பகலா வயித்து மேலயே கிடந்திருக்கு. பாப்பா புரண்டது, விக்கினது, அதோட நெஞ்சுத் துடிப்பு, எல்லாத்தையும் கத்துக்கிட்டிருக்கு. பசிக்கு முன்னாடி ஒரு தாளம், சலிப்புக்கு முன்னாடி ஒரு தாளம். அதே தாளம்தான் இப்ப மூச்சுல வருது. நாங்க அழுகையைக் கத்துக்கொடுக்கப் பாத்தோம். இது அழுகைக்கு முன்னாடி உள்ளதைக் கத்துக்கிட்டு வந்திருக்கு."

"இந்தத் துடிப்புக்கெல்லாம் அர்த்தம் நீங்க வச்சதா?"

"நாங்க ஒண்ணும் வைக்கல. நீங்களும் அதுவும் பேசி முடிவு பண்ணிக்கிட்டதுதான்."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அப்புறம் சிரிப்பு மெல்ல இறங்கியது. லேப்டாப்பை மூடிவைத்தான்.

"அக்கா, இதை நான் எடுத்துட்டுப் போக வேண்டியிருக்கும்."

"எதுக்கு?"

"திறந்து பாக்கணும். எந்தத் தடம் எப்படி விழுந்திருக்குன்னு தெரிஞ்சாத்தான் மத்தவங்களுக்கும் இப்படிச் செய்ய முடியும். நகல் எடுக்க வழியில்ல. திறந்துட்டா இது அவ்வளவுதான், மறுபடி வேலை செய்யாது." செண்பகத்தின் முகம் மாறுவதைப் பார்த்து அவன் அவசரமாகத் தொடர்ந்தான். "ஈரோட்டுல சுலோச்சனான்னு ஒரு அக்கா, உங்களை மாதிரியே கேக்காதவங்க. அவங்க முதல் பிள்ளையைச் சொந்தக்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. அது இப்ப சித்தியைத்தான் அம்மான்னு கூப்பிடுது. இப்ப ரெண்டாவது பிள்ளைக்கு மாசமா இருக்காங்க, ஆறாம் மாசம். நானும் அப்படி வளந்தவன்தான். மாமா வீட்ல விட்டுட்டாங்க. எங்கம்மா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவாங்க, அவங்க கையில பேசுறது எனக்குப் புரியாது. பயந்துகிட்டு மாமி பின்னால ஒளிஞ்சுக்குவேன். அந்தப் பேச்சை நான் பின்னாடிதான் கத்துக்கிட்டேன்."

கொடுத்தால் ஆதிரை கோவில்பட்டிக்குப் போவாள். கொடுக்காவிட்டால் ஈரோட்டில் இன்னொருத்தியின் மடி காலியாகும். செண்பகம் வளையலை மறு கையால் பொத்திக்கொண்டாள்.

என்ன நடக்கிறது என்று சண்முகத்தாய் ஜெரோமிடம் கேட்டாள். அவன் வாயால் சொன்னான். அக்காவின் முகத்தைப் பார்க்க செண்பகத்துக்குத் தைரியம் இல்லை. அக்கா கேட்டது நடக்கப் போகிறது, சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தாள். சண்முகத்தாய் குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். நேராக வந்து தங்கையின் மணிக்கட்டை வளையலோடு சேர்த்து இறுகப் பிடித்தாள். மறு கையால் அவர்களுடைய பழைய வீட்டுச் சாடையில் ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"குடுக்காத."

"அக்கா, இது இல்லைன்னா நீ பிள்ளையை..."

"தெரியும். குடுக்காத. இதை மாதிரி எனக்குக் கேக்காது. பிள்ளை அழுததுக்கு அப்புறம்தான் நான் ஓடி வருவேன்."

செண்பகம் வாழ்நாளில் அக்காவை அப்படிப் பார்த்ததில்லை. பிள்ளையை அக்கா தன் கையாலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்பது புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் தலையில் இருந்த மூட்டமெல்லாம் கலைந்தது. அவள் ஜெரோம் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, எங்க பேக்கரியில ஒரு நாள் கேக் அருமையா வந்துடும். உடனே அதைப் பிச்சுப் பிச்சா ஆராய்வோம்? அன்னைக்கு என்ன செஞ்சோமோ அதையே மறுநாளும் செய்வோம். இதைத் திறந்து என்ன பண்ணப் போறீங்க? என்ன செஞ்சோம்னுதான் நமக்குத் தெரியுமே."

"அது தப்பா நடந்தது அக்கா!"

"இந்தத் தடவை சரியா நடத்துங்க."

ஜெரோம் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் கண் மின்னியது. "எங்க பேராசிரியர்கிட்ட நான் என்னன்னு சொல்வேன்? ஆய்வு முறை என்னப்பான்னு கேட்டா, ஏழாம் மாசம், சந்தனம், குங்குமம், அஞ்சு வகைச் சாதம்னா?"

இதை அவன் சண்முகத்தாய்க்கும் வாயால் சொல்லிவைத்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏழு வகைன்னு எழுதுங்க தம்பி. புளியோதரையில கடலை கொஞ்சம் கூடவே போடச் சொல்லுங்க" என்றாள்.

பேராசிரியர் நல்ல மனிதர். முதலில் முறைத்தார், அப்புறம் யோசித்தார், கடைசியில் பன்னீர்ச் செம்பை யார் பிடிப்பது என்று கேட்டார். சுலோச்சனாவுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் ஆய்வகத்து மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்தார்கள். உலகத்தில் எந்தக் கருவித் தயாரிப்பிலும் இல்லாத விதமாக, வேலை தொடங்கும் முன் எல்லாரும் மஞ்சள் குங்குமம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்கு வந்த சண்முகத்தாய் இதற்காகவே இன்னும் தங்கி, செம்பு வளையலை முதலில் போட்டு, அதன் இரு பக்கமும் கண்ணாடி வளையல்களை அடுக்கினாள். சத்தம் ஆகாதே என்று ஓர் ஆராய்ச்சி மாணவி மெல்லக் கேட்டாள். சண்முகத்தாய் அவளுக்கும் இரண்டு வளையலைப் போட்டு வாயை அடைத்தாள். சுலோச்சனா கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, அழுதபடியே சிரித்தாள்.

மறுநாள் காலை சண்முகத்தாய் ஊருக்குக் கிளம்பினாள். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எல்லாருமாகப் போனார்கள். வழியெல்லாம் அவளுடைய கை ஓயவில்லை. எண்ணெய் தேய்த்துவிட்டுக் குளிப்பாட்டு. தலையைத் துவட்டாமல் வெளியே தூக்கிப் போகாதே. தினமும் வீடியோ கால் போடு. மாப்பிள்ளையைப் பிள்ளையோடு பைக்கில் போகவிடாதே. பிள்ளையிடம் கையாலேயே பேசு. வாய்ப்பேச்சை நான் போனில் சொல்லிக்கொடுக்கிறேன். பஸ் வந்து நின்று, பையை மேலே ஏற்றியும் ஆயிற்று. அவள் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு இன்னமும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். முகத்தில் வழக்கமான அதட்டல் அப்படியே இருந்தது.

அப்போது செண்பகத்தின் மணிக்கட்டில் வளையல் துடித்தது. நீளமாக, மெதுவாக, யாரோ நீவிவிடுவதுபோல்.

அவள் திரும்பிக் கனகராஜின் தோளைப் பார்த்தாள். ஆதிரை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, வாயோரம் எச்சில் வழிய, உலகத்தில் ஒரு குறையும் இல்லாதவளாக இருந்தாள். செண்பகம் காத்திருந்தாள். மூக்கு சுருங்கவில்லை. உதடு பிதுங்கவில்லை. வளையல் நிற்காமல் நீவிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் வேறு குழந்தை ஏதும் இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தாள். ஒன்றுமில்லை. பிறகுதான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். சண்முகத்தாயின் கை இன்னமும் எதையோ அதட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. அவளுடைய கீழுதடு மட்டும் மெல்லப் பிதுங்கத் தொடங்கியிருந்தது.

செண்பகம் ஓடிப்போய் அக்காவைப் படியிலிருந்து இறக்கி, தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வளர்த்த கைகள் இரண்டும் முதலில் "எல்லாரும் பாக்காங்க" என்று காற்றில் சொல்லிப் பார்த்தன. அப்புறம் அவையும் ஓய்ந்து தங்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டன. அக்காவின் முகம் அவள் கழுத்தில் புதைந்தது.

டிரைவர் விடாமல் ஹாரன் அடித்ததாகப் பிறகு பஸ் ஸ்டாண்டில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா சொன்னாள். செண்பகத்துக்குக் கேட்க வழியில்லை. அன்றைக்கு அவள் அக்காவுக்கும் கேட்கவில்லை.